மறுபக்கம் சாருக்குப் பத்து நிமிடம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் இதில் ஜெயித்தவர். அதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். பிற்பாடு, யார் பேச்சைக் கேட்டு எழுதினாய் என்று யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

இடம், ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. எனக்குக் கடைவாய்ப் பல், அவருக்கு முன்பல். நகரசபைக்குப் பொருளாதார ஆலோசகராம். நான் எழுதுகிறவன் என்று எப்படியோ தெரிந்துகொண்டார் (எப்படியோ என்ன எப்படியோ, நானேதான் சொன்னேன்). "அப்ப ஒரு தமாஷ் சொல்றேன், எழுதிக்குங்க" என்று வீங்கிய உதட்டோடு ஆரம்பித்தார். ஒரு பள்ளிக்கூடத்தை மூடக் கூடாது என்று வாதாட வந்த தத்துவப் பேராசிரியர், பேசிப் பேசியே அதை மூடிவிட்டுப் போன கதை. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

கதை முக்கால்வாசி வந்திருக்கும்போது நர்ஸ் அவரை உள்ளே அழைத்தார். "இருங்க, கடைசியிலதான் விஷயமே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். பாதி வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மறுபடி ஒரு கூட்டம், எழுந்து நின்றார் என்ற அளவுக்கு எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் எல்லாம் காற்றுதான். கடைசியில் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, பஞ்சைக் கடித்தபடி வண்டி ஏறிப் போய்விட்டார்.

ஆகவே இந்தக் கதையின் முடிவு என்னிடம் இல்லை. ஒரு விரல்தான் இருக்கிறது.

2

அதே வாரம் ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். 'பொதுவாழ்வில் தத்துவத்தின் பயன்: அறம், கல்வி, பொருளாதாரம்' என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். "ரெண்டாயிரம் வார்த்தைக்கு மேல போனா வெட்டிருவேன். பக்கத்துல மெத்தை விளம்பரம் வருது, அதுல கை வைக்க முடியாது" என்றார். கட்டுரைக்கு அறிவு வேண்டும், மேற்கோள் வேண்டும். கதைக்கு ஒரு பல்வலி போதும். எனவே கதையாகவே எழுதித் தருகிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. மெத்தை விளம்பரத்தில்தான் அவர் கவனம் இருந்தது.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'நீதி என்பது யாது? இவ்வினா மானுடம் தோன்றிய நாள்தொட்டு...' (வேண்டாம். முதல் வரியிலேயே நீங்கள் பக்கத்து மெத்தைக்குப் போய்விடுவீர்கள்.)

'லாரிகள் உறுமிக்கொண்டிருந்த அதிகாலைச் சந்தையில் ஒரு பிஞ்சு உருவம், கண்களில் நீர் தளும்ப...' (சே. வாசலில் நின்று கண்ணீர் யாசகம் கேட்பதுபோல் இருக்கிறது.)

'நகரசபையின் பொது ஆலோசனைக் குழுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.'

இது பரவாயில்லை. நாற்காலி என்றால் நமக்கெல்லாம் ஒரு ஆர்வம் வந்துவிடும்.

3

நகரசபையின் பொது ஆலோசனைக் குழுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எந்த முடிவாக இருந்தாலும் அதோடு 'அறவியல் கண்ணோட்டம்' ஒன்றையும் இணைத்து அனுப்ப வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பொருளாதாரக் கண்ணோட்டம் குழுவிடம் ஏற்கெனவே இருந்தது. கல்விக் கண்ணோட்டத்துக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்ததாரர் இருந்தார். அறத்துக்குத்தான் ஆள் இல்லை.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர். எதையும் சேர்த்துக் கட்டுப்போட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர். அவர்தான் கல்லூரிக்குப் போன் போட்டுத் தத்துவப் பேராசிரியரைப் பிடித்தார். "சார், நீங்க என்ன வேணா பேசலாம், யாரும் குறுக்க வர மாட்டோம். பேசினீங்கன்னு இருக்கணும், அவ்வளவுதான்."

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மறுபக்கம் சார். காரணம் இருக்கிறது. நம் பழைய தருக்கத்தில் ஒரு முறை உண்டு. முதலில் எதிராளியின் கட்சியைச் சொல்ல வேண்டும், அது பரபக்கம். அதன் பிறகுதான் தன் கட்சி, அது சுபக்கம். எதிராளி சொன்னதைவிட நன்றாக அவன் கட்சியைச் சொன்னால்தான் அதை மறுக்கிற தகுதி வரும் என்பது சாரின் கொள்கை. அதைப் பாடமாக நடத்தினால் போதாதா? மனிதர் வாழ்ந்தே காட்டினார். பழைய குளிர்பெட்டியை மாற்றப் போன இடத்தில், பழையதையே வைத்துக்கொள்வதன் நியாயங்களைக் கடை மூடும்வரை எடுத்துச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். இளம்வயதில் ஒரு பெண்ணிடம் விருப்பத்தைச் சொல்லப் போனவர், தன்னை ஏன் அவள் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதிலிருந்து ஆரம்பித்தார். அவள் அதையெல்லாம் கேட்டு, நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, ஒரு மின்பொறியாளரைக் கட்டிக்கொண்டாள்.*

* குளிர்பெட்டி, பொருளாதார ஆலோசகர் சொன்னது. பெண் என் சரக்கு. மின்பொறியாளர்கள் மன்னிக்கவும்.

குழுவில் அவருடைய முதல் பணி, பூங்கா பெஞ்சுகள். யாரும் படுத்துவிடாமல் இருக்க நடுவில் இரும்புத் தடுப்பு வைக்கலாமா? சார் அலுப்பில்லாமல் பேசினார். பேச்சு முழுதாகப் பதிவானது. தடுப்பும் வந்தது. 'அறவியல் கண்ணோட்டம் பெறப்பட்டது' என்று கோப்பில் எழுதி முத்திரை குத்தினார்கள். கல்யாணத்துக்கு மேளம் வைத்தால் போதும், மேளக்காரரிடம் பெண் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

4

இப்போது அக்கா வர வேண்டும். இங்கேதான் எனக்குத் தடுமாற்றம்.

பல் மருத்துவமனையில் ஆலோசகர் சொன்னது இவ்வளவுதான்: "அந்த ஸ்கூல் டீச்சரம்மா பின்னாடி பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. அவருக்கு ஏதோ சொந்தம் போல. அழுதாங்களா என்னன்னு நான் கவனிக்கல." இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியை உண்டாக்க வேண்டும். மனைவி என்று வைக்கலாமா? மேலே அவருக்குக் கல்யாணம் ஆகாமல் செய்துவிட்டேன். சித்தி? சித்திகள் எதையும் மன்னித்துவிடுவார்கள். அக்கா என்று வைத்தால்தான் வலிக்கும். தம்பி என்ன பேசினாலும் தலையாட்டிப் பழகாத ஒரே ஆள் அக்காதான்.

அக்கா, மொத்தக் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பள்ளியின் தலைமையாசிரியை. சந்தை விடியுமுன் திறக்கும். மூட்டை தூக்குகிற அப்பாக்களும் காய் தரம் பிரிக்கிற அம்மாக்களும் பிள்ளைகளைத் தூக்கத்திலேயே கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதனால் பள்ளியும் சந்தையோடு திறக்கும். முதல் பாடவேளை தூக்கம். கால அட்டவணையில் கணக்கு, மொழி என்று எழுதுவதுபோல் 'தூக்கம்' என்றே எழுதி ஒட்டியிருந்தது. பாய் விரித்து, விளக்கைக் குறைத்து, ஒரு ஆசிரியர் நடுவில் உட்கார்ந்துகொள்வார். வெளிச்சம் வந்ததும் எழுப்பி முகம் கழுவவைத்துவிட்டுத்தான் மற்றப் பாடங்கள்.

நகரசபைக் கணக்கில் இது இடித்தது. பிள்ளைகள் குறைவு, தலைக்கு ஆகும் செலவு அதிகம், போதாததற்கு முதல் மணி நேரக் கற்றல் பூஜ்ஜியம். மூடிவிட்டு, ஊருக்கு நடுவே இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று ஆலோசகர் எழுதிவிட்டார். பெரிய பள்ளி திறக்க நன்றாக விடிய வேண்டும். அதுவரைக்கும் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பது அவருடைய அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் சார் பள்ளிக்குப் போனார். தூக்க வேளை. அக்கா உதட்டில் விரல் வைத்து உள்ளே கூப்பிட்டார். இருவரும் பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து கிசுகிசுத்தார்கள்.

"நாளைக்கு என்னடா பேசப்போற?"

"முதல்ல அவங்க தரப்பைச் சொல்வேன்."

"அதை அவங்களே சொல்வாங்களே. அதுக்குத்தானே அவங்க இருக்காங்க."

"சரியாச் சொல்ல மாட்டாங்க, அக்கா. நாம அதை நல்லாக் கட்டி நிறுத்திட்டு, அப்புறம் உடைச்சாத்தான் நியாயமா இருக்கும். இல்லேன்னா அக்காவுக்காகப் பேசுறான்னு சொல்வாங்க."

"அக்காவுக்காகப் பேசினா என்ன, ஜெயில்ல போட்டுடுவாங்களா?"

ஓரத்துப் பாயில் ஒரு சின்னப் பெண் செருப்போடு தூங்கிக்கொண்டிருந்தாள். சார் குனிந்து கழற்றப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு. புதுசா வர்ற பிள்ளைங்க அப்படித்தான் தூங்கும். சந்தையில மூட்டை நடுவுல படுத்துக் கிடந்த பழக்கம். லாரி பின்னாடி வந்தா எழுந்து ஓடணும்ல. இங்க ஓட வேண்டாம்னு அதுங்களுக்கே தெரிஞ்சதும் தானா கழட்டி வெச்சிடும். அதுவரைக்கும் நாங்க யாரும் தொட மாட்டோம்."

வாசலில் இருந்த செருப்பு வரிசையைச் சார் திரும்பிப் பார்த்தார். மற்ற எல்லாப் பிள்ளைகளின் செருப்பும் அங்கே இருந்தது. இதை நாளைக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். இதைவிடப் பெரிய வாதம் தன்னிடம் இல்லை என்றும் அவருக்குத் தெரிந்தது. ஆகவே அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தார்.

"பத்து நிமிஷம்தான் தருவாங்களாம்" என்றார் அக்கா.

"போதும்" என்றார் மறுபக்கம் சார்.

5

(இந்தப் பகுதியை வேகமாகச் சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். முடியவில்லை. சிரிப்பு இருக்கிற இடத்தில்தான் எழுதுகிறவன் கை நீளும்.)

ஆலோசகர் முதலில் பேசினார். பேசினார் என்று சொல்வது அவருக்குச் செய்யும் உபகாரம். பாதி எண்களை விழுங்கினார். மீதி எண்களைத் தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே படித்தார். சீருடை ஒப்பந்ததாரர் கொட்டாவி விட்டார். அந்த நேரத்தில் ஓட்டெடுத்திருந்தால் பள்ளி பிழைத்திருக்கும் என்று ஆலோசகரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

அடுத்து மறுபக்கம் சார். மணி அடிக்கும் பொறுப்பு தட்டச்சுக்கார அம்மாளுக்கு. அவர் யாருக்காகவும் மணியைத் தள்ளிப்போட்டதில்லை. ஒருமுறை தலைவர் தன் நன்றியுரையில் மனைவி பெயரைச் சொல்ல வரும்போதே அடித்திருக்கிறார்.

சார் முதலில், பள்ளியின் தலைமையாசிரியை தன் உடன்பிறந்த அக்கா என்பதை அறிவித்தார். ஆகையால் தன் பேச்சை எவ்வளவு தள்ளுபடி செய்து கேட்க வேண்டும் என்றும் விளக்கினார். பாசம் தீர்ப்பை வளைக்கும் விதங்களை வகைப்படுத்தினார். பத்தில் இரண்டு நிமிடம் அதிலேயே போயிற்று. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆலோசகர் தன் கட்சியைச் சரியாச் சொல்லல. அது அந்தக் கட்சிக்கே நாம செய்யற அநியாயம். அவருக்குப் பதிலா நான் சொல்றேன். ஊர் நடுவுல இருக்கற பள்ளியில ஒரு வகுப்புல அறுபது பிள்ளைங்க நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்காங்க. முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்குச் சேர வேண்டிய ஒரு ஆசிரியரைக் கொண்டுவந்து, இங்க தூக்கத்துக்குக் காவல் வெச்சிருக்கோம். ஏன்? தூங்குற பிள்ளை முகம் நம்ம மனசைக் கரைக்குது. அந்த அறுபது முகத்தை நாம பார்க்கல. இரக்கம் கண்ணுக்குத் தெரியற பிள்ளைகிட்ட மட்டும்தான் போகும். நீதி, கண்ணுக்குத் தெரியாத பிள்ளையையும் எண்ணும்."

கூட்டம் நிமிர்ந்தது. ஒப்பந்ததாரரின் கொட்டாவி பாதியில் நின்றது. ஆலோசகர் கைபேசியைக் கவிழ்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். தன் கட்சிக்குள் இப்படி ஒரு மனசாட்சி இருந்ததே அவருக்கு அதுவரை தெரியாது.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சார் ஊட்டினார். சோறு பிசைந்து, உருட்டி, நிலாக் காட்டி ஊட்டினார். கல்வியின் நோக்கம் என்று ஊட்டினார், பொதுப்பணத்தின் அறம் என்று ஊட்டினார். "தூங்கத்தான் ஒரு பள்ளிக்கூடம்னா, முழிச்சிருக்கற பிள்ளைக்கு நாம என்ன பதில் சொல்றது?" என்று கேட்டு நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பரபக்கம் முடிந்தது. இப்போது சுபக்கம். வாயைத் திறந்தார்.

மணி அடித்தது.

"தலைவரே, இது பரபக்கம்தான். இனிமேதான் நான்..."

"அருமை சார், ரொம்ப அருமை" என்றார் எலும்பு மருத்துவர். "இவ்வளவு நாள்ல இன்னைக்குத்தான் எனக்கே தெளிவா ஒட்டுச்சு."

கை தூக்கினார்கள். பள்ளியை மூடுவதாகத் தீர்மானம். அறவியல் கண்ணோட்டம் பெறப்பட்டது, அத்துடன் பாராட்டும் பெற்றது. மறுநாள் நகரசபை வெளியிட்ட அறிவிப்பின் தலைப்பு: 'விழித்திருக்கும் பிள்ளைக்கு நம் பதில்.' சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சூனியத்துக்கு வாசகமும் எழுதிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

6

படிக்கட்டில் அக்கா நின்றுகொண்டிருந்தார். ஆலோசகர் சந்தேகப்பட்டதுபோல் அவர் அழவில்லை. நான் அழவிட மாட்டேன்.

"நல்லாப் பேசினடா" என்றார்.

"அக்கா, இன்னும் நாலே நிமிஷம் குடுத்திருந்தா..."

"இல்ல, நெஜமாத்தான் சொல்றேன். கேட்டுக்கிட்டு இருந்தப்ப, மூடிறலாம்னு எனக்கே தோணிருச்சு."

சார் தன் குறிப்புத் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"அவங்களுக்குப் பேச, சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்காங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு நீ ஒருத்தன்தான் இருந்த. நீயும் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டா நாங்க என்னடா பண்றது?"

"நியாயமா இருக்கணும்னு நெனச்சேன், அக்கா."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கினார். பிறகு திரும்பினார்.

"செருப்பைப் பத்திச் சொன்னியா? எனக்குப் பின்னாடி சரியாக் கேக்கல."

"கடைசியில சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

அக்கா திட்டியிருக்கலாம். சின்ன வயதில் தன் பங்குத் தின்பண்டத்தைக் கடைசியில் தின்னலாம் என்று ஒளித்து வைத்து எறும்புக்குக் கொடுத்தவன்தானே என்று கேட்டிருக்கலாம். (எழுதியே வைத்திருந்தேன், அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் யாருக்கும் இவ்வளவு நீளமாகப் பேச வராது.) சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போனார். சாருக்கு வாழ்நாளில் முதல்முறையாக மறுபக்கமே இல்லாத ஒரு வருத்தம்.

7

முடிவுகள். என்னிடம் மூன்று இருந்தன.

(அ) சார் குழுவிலிருந்து விலகி, காரசாரமாக ஒரு விலகல் கடிதம் எழுதுகிறார். (வேண்டாம். கடிதத்தை 'விலகுவதற்கு எதிரான காரணங்கள்' என்றுதான் ஆரம்பிப்பார்.)

(ஆ) ஆலோசகர் ஒருநாள் விடிகாலையில் சந்தைக்குக் காய் வாங்கப் போகிறார். மூட்டைகளுக்கு நடுவே செருப்போடு தூங்கும் பிள்ளையைப் பார்க்கிறார். மனம்... (மாறாது. அவர் வீட்டுக்குக் காய் கதவண்டை வந்துவிடுகிறது.)

(இ) அக்கா தன் வீட்டுக் கூடத்திலேயே பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்கவைக்கிறார். இதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, எழுதும்போது கண்கூடக் கலங்கியது. பிறகுதான் உறைத்தது. நகரசபைக்கும் இதுதான் பிடிக்கும். வேலையை ஒரு நல்லவர் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, ஆண்டறிக்கையில் 'சமூகப் பங்களிப்பு' என்று அக்காவின் படத்தைப் போடும். அடித்துவிட்டேன்.

இந்த இடத்தில் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "வார்த்தை முடியப்போகுதே, என்ன ஆச்சு?" சரி என்று எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஆலோசகருக்குப் பல்வலி கொடுத்தேன், சிரிப்புக் கொடுத்தேன், வேண்டிய அளவு இடம் கொடுத்தேன். எலும்பு மருத்துவருக்கு இரண்டு நல்ல வசனம். கொட்டாவி விட்டவரைக்கூட விடவில்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்கு? ஒரு ஓரத்துப் பாய். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, நான் எழுப்பக்கூட இல்லை. சாரைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்த நானும் பரபக்கத்திலேயே பக்கத்தைத் தீர்த்துவிட்டேன். நீங்களும் கூடச் சேர்ந்துதான் சிரித்தீர்கள். அதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்ல ஆசைதான்.

மிச்சம் இருக்கும் இடத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் தீர்மானமும் அடுத்த கூட்டத்தில் உறுதிசெய்யப்பட்ட பிறகுதான் செல்லும். உறுதிசெய்வதற்கு முன் உறுப்பினர் யாரும் எழுந்து ஒரு திருத்தம் சொல்லலாம். தலைவர் அனுமதித்தால் மறு ஓட்டும் கேட்கலாம். ஆலோசகர் தூக்கிக் காட்டிய விரலுக்கு வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கூட்டம். மறுபக்கம் சார் எழுந்து நிற்கிறார். கையில் குறிப்பு எதுவும் இல்லை. பின்பெஞ்சில் அக்கா இருக்கிறார், வந்தது பெரிய விஷயம். தட்டச்சுக்கார அம்மாளின் கை மணிமேல் இருக்கிறது. ஆலோசகர் இந்தமுறை பேனாவைத் திறந்தே வைத்திருக்கிறார், இன்னும் நல்ல வாசகம் ஏதாவது கிடைக்கும் என்று. எலும்பு மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறார்.

"ஒரே ஒரு வாக்கியம் சார்."

ஓரத்துப் பாயில் அந்தப் பெண் இப்போதும் செருப்போடுதான் தூங்குகிறாள். இன்னும் சில நாள் விட்டால் கழற்றிவிடுவாள்.

அந்த வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. எனக்கு ஆசிரியர் மணி அடித்துவிட்டார். நீங்கள் சொல்லுங்கள், சார் வாயைத் திறந்துவிட்டார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: 'அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.